பயத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "பயத்தை வெல்வது எப்படி" என்ற தலைப்பில் பேசச் சொன்னார். "வெல்வது" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நான் உளமருத்துவ நிபுணர் அல்ல, குடும்ப வைத்தியர். பதினேழு, பதினெட்டு வருடமாக நோயாளர்களைப் பார்க்கிறேன். பயத்தை வென்றுவிட்ட மனிதர் என்று ஒருவரையும் இதுவரை நான் காணவில்லை. பயத்தோடு நன்றாகச் சீவித்தவர்களைக் கண்டிருக்கிறேன். தன்னுடைய பயத்தை அடக்குவதாக நினைத்துக்கொண்டு வீட்டிலுள்ள மற்றவர்களை அடக்கியவர்களையும் நிறையக் கண்டிருக்கிறேன். இந்த இரண்டு கூட்டத்தாரும் இந்த மண்டபத்தில் இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் உடம்பின் கதை. மம்மல் நேரத்தில் ஒழுங்கையால் நடந்து வருகிறீர்கள். வேலிக்கரையில் நீளமாக ஏதோ கிடக்கிறது. கால் தானாகப் பின்னுக்கு வந்துவிடும். நெஞ்சு இடிக்கும், கை குளிரும். அதற்குப் பிறகுதான் அது யாரோ எறிந்துவிட்டுப் போன சைக்கிள் ரியூப் என்று தெரியவரும். கால் முந்திவிடுகிறது, அறிவு பிந்தித்தான் வருகிறது. மூளையின் இரு பக்கத்திலும் வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையின் மேற்பட்டைக்குப் போய் ஆறுதலாக ஆராயப்படுவதற்கு முன்னரே, ஒரு குறுக்கு வழியால் இதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறுக்கு வழிச் செய்தி தெளிவில்லாதது, ஆனால் வேகமானது. பாம்பு என்று நினைத்து ரியூப்புக்குப் பயந்தால் நட்டம் ஒன்றுமில்லை. ரியூப் என்று நினைத்துப் பாம்பை மிதித்தால் கதை வேறு. ஆகவே அவசரப்பட்டுப் பயப்படும் மூளைதான் தப்பிப் பிழைத்து எம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1915 இல் ஹாவார்ட் பல்கலைக்கழக உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் இந்த மாற்றங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். பயம் வந்ததும் அதிரீனலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகிறது. ஈரல் தன்னிடமிருக்கும் சீனியை இரத்தத்துக்குள் விடுகிறது. இவ்வளவும் ஓடுவதற்காக, அல்லது திரும்பி நின்று அடிபடுவதற்காக. ஆனால் இன்றைக்கு எங்களுக்கு வரும் பயங்கள் கதிரையில் இருந்துகொண்டு பயப்படும் பயங்கள். மகனின் விசா முடிவு வரும் கிழமையில் என்னிடம் வரும் அம்மாமாருக்குச் சீனி ஏறியிருக்கும். "டொக்டர், நான் ஒண்டும் கூடச் சாப்பிடேல்லை" என்பார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஓடுவதற்கென்று உடம்பு எடுத்துக் கொடுத்த சீனி, ஓட ஓர் இடமில்லாமல் இரத்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

என்னுடைய வகுப்புத் தோழிகளுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. நாங்கள் 1979 இல் பிறந்தவர்கள். விமானங்களைக் கண்ணால் காணுமுன் காதால் பிரித்தறியப் பழகியவர்கள். ஹெலியின் சத்தம் வேறு, சியாமாசெட்டியின் சத்தம் வேறு, புக்காராவின் சத்தம் வேறு, பீப்பாய்க் குண்டு போடும் சகடையின் சத்தம் வேறு. கணித பாடம் நடந்துகொண்டிருக்கும். ரீச்சர் வெண்கட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நிற்பார். நாற்பது பிள்ளைகளும் மூச்சை அடக்குவோம். "பொம்மர்" என்று யாராவது சொன்னதும் வளவுக்குள் இருந்த பங்கருக்கு வரிசையாகப் போவோம். திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து காரணியாக்கம் தொடரும். இதைச் சொன்னால் என்னுடைய பிள்ளைகள் நம்புவதில்லை. விட்ட வரியிலிருந்து தொடர்ந்தோம் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை!

பங்கர் வெட்டியதை நினைத்துப் பாருங்கள். நிலம் இளகிய இடங்களில் ஆளளவு ஆழம். செம்மண்ணுக்குக் கீழே கல் தட்டுப்படும் இடங்களில் அரை ஆள் ஆழம்கூட வராது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை. உரப்பை தட்டுப்பாடாகிய காலத்தில் அம்மாமாரின் பழைய சேலைகளைத் தைத்து மண் நிரப்பினோம். அப்பா வெட்ட, அம்மா மண் அள்ள, நாங்கள் கடகத்தில் சுமந்தோம். அந்தக் கிடங்கு சிதறு துண்டுகளிலிருந்து காப்பாற்றும். நேரே குண்டு விழுந்தால் காப்பாற்றாது. இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் பங்கர் வெட்டி முடித்த இரவு, வெட்டாத இரவைவிட நித்திரை நன்றாக வந்தது. குண்டு குறையவில்லை. எங்களுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, அதைச் செய்து முடித்திருந்தோம்.

வைத்தியம் படிக்கப் போன பிறகுதான் இதைப் பற்றி வெளியுலகம் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்தேன். 1967 இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். இரக்கமில்லாத பரிசோதனைதான், இன்று அனுமதிக்கமாட்டார்கள். இரண்டு நாய்களுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்று தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நிற்கும். மற்றது என்ன செய்தாலும் நிற்காது, முதலாவது நாய் நிறுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். பிறகு இரண்டையும் தாண்டி ஓடித் தப்பக்கூடிய ஒரு பெட்டியில் விட்டார்கள். முதலாவது வகை நாய்கள் தாண்டின. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தாண்ட முயலாமல் படுத்து முனகின. வாங்கிய அதிர்ச்சி இரண்டுக்கும் ஒரே அளவு. நிறுத்த முடிந்ததா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். "கற்றுக்கொண்ட இயலாமை" என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஏறத்தாழ ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, 2016 இல், அதே இருவரும் ஒரு திருத்தம் எழுதினார்கள். நாங்கள் தலைகீழாக விளங்கிக்கொண்டோம் என்றார்கள். நீண்ட துன்பத்தின் முன் ஒடுங்கிப்போவது கற்றுக்கொள்வது அல்ல. அது பாலூட்டிகளின் மூளையில் ஏற்கெனவே இருக்கும் இயல்பு. கற்றுக்கொள்ளப்படுவது மற்றதுதான்: நான் ஏதாவது செய்தால் ஏதாவது மாறும் என்ற அறிவு. மூளையின் முன்பகுதி அதைக் கண்டுகொண்டால், கீழேயிருந்து வரும் ஒடுக்கத்தை அது தடுக்கிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்த திருத்தம் இது. ஒடுங்கிப்போன ஒரு மனிதரைப் பார்த்து "ஏன் இப்பிடி ஏலாமல் இருக்கிறாய்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஏலும் என்று அறிய அந்த மனிதருக்கு எப்போதாவது சந்தர்ப்பம் கிடைத்ததா என்று கேட்கவேண்டும்.

அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தச் சமூகம் எவ்வளவு சந்தர்ப்பங்களைத் தானாக உண்டாக்கிக்கொண்டது என்பதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு செய்தோம். பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். சவர்க்காரம் இல்லை, பனங்களியால் உடுப்புத் தோய்த்தார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாழ்க்கை யாருக்கும் வேண்டாம். ஆனால் அக்காலத்தில் கை சும்மா இருக்கவில்லை.

எல்லாவற்றையும் கையால் சமாளித்துவிடலாம் என்று சொல்லவும் நான் வரவில்லை. 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தவர்கள். சொன்ன இடத்துக்கு வந்து, பாதுகாப்பான இடம் என்று கருதப்பட்ட இடத்தில் இருந்தார்கள். செப்டெம்பர் 22 ஆம் திகதி நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகள் பாடசாலையில்தான் இருந்தார்கள். பயத்துக்கு வேலை கொடுத்தால் மனம் பிழைக்கும் என்பது ஒரு விடயம். ஆள் பிழைப்பது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால், இறந்தவர்கள் ஏதோ செய்யத் தவறியவர்கள் போலாகிவிடும். என்னிடம் வரும் பலர் இந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள். "நான் அண்டைக்குப் பிள்ளையை அங்கை விடாமல் இருந்திருந்தால்" என்ற வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதுவும் கட்டுப்பாட்டுக்கான ஏக்கம்தான். என்னுடைய குற்றம் என்று நினைப்பது வேதனை. என் கையில் ஒன்றுமே இருக்கவில்லை என்று நினைப்பது சிலருக்கு அதைவிட வேதனை. ஆகவே குற்றத்தைத் தெரிந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வருடம் ஒக்டோபர் 30 இரவு பற்றி இங்குள்ள பலரும் எழுதியிருக்கிறீர்கள், இந்த மலரிலும் எழுதியிருப்பீர்கள். ஆகவே ஒரே ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன். வலிகாமத்திலிருந்து சில இலட்சம் பேர் நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் கைதடிப் பாதையாலும் மழைக்குள் தென்மராட்சிக்கு நகர்ந்தோம். எனக்குப் பதினாறு வயது. டிசெம்பரில் எழுதவேண்டிய சாதாரண தரப் பரீட்சைக் கொப்பிகள் என் சைக்கிள் கரியரில் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம், ஆனால் அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்து வந்திருந்தார்கள். கூரைக்கு மேலால் செல் போய்க்கொண்டிருந்த வீட்டின் முன்கதவுத் திறப்பு! 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிப் போனபோது சிலருக்குத் திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. அந்தத் திறப்பைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. அது அந்த இரவில் பல பெரியவர்களை நடக்க வைத்த பொருள்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் 1998 இல் வெளியிட்ட "ஸ்கார்ட் மைண்ட்ஸ்" என்ற நூலில் எமது மக்களின் மனவடுக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உயர்தர மாணவிகள் கட்டாயம் தேடிப் படிக்கவேண்டிய நூல் அது. நான் அதற்குள் போகவில்லை. போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பின்னர் என்னுடைய சிறிய அறைக்குள் என்ன வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

ஓர் அம்மா வருவார், அறுபத்தெட்டு வயது. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பிரஷர், சீனி இரண்டும் உண்டு. எப்போது வந்தாலும் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வருவார். மகளுக்கு அது பெரிய வெட்கம். "டொக்டர், நீங்களாவது சொல்லுங்கோ, இந்தப் பையை எறியச் சொல்லி" என்றார். உள்ளே என்ன என்று கேட்டேன். காணி உறுதி, எல்லோருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், ஒரு சோடி உடுப்பு, மெழுகுதிரி, தீப்பெட்டி, இரண்டு கார்ட் பனடோல். பனடோல் காலாவதியாகிப் பல வருடம். நான் எறியச் சொல்லவில்லை. "அம்மா, பனடோலை மாத்துவம். உங்கடை கிளினிக் கொப்பியின்ரை கொப்பி ஒண்டும், குளிசைப் பெயர் எழுதின துண்டும் வையுங்கோ. அவசரத்துக்கு அதுதான் முதல் தேவை" என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இருபது வருடங்களில் அந்தப் பையை மதித்துப் பேசிய முதல் ஆள் நான்தானாம். பிறகு வீட்டில் அதற்கென்று அலுமாரியில் ஓரிடம் பார்த்தோம். பிறகு மாதத்தில் ஒரு நாள் மட்டும் திறந்து சரிபார்ப்பது என்று வைத்தோம். கொஞ்சக் காலத்தில் பை இல்லாமல் கிளினிக் வந்தார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் பையோடு வந்தார், சில மாதம் கழித்து மறுபடியும் விட்டார். இப்படித்தான் நடக்கும். மூளையில் பழைய பயம் அழிக்கப்படுவதில்லை. அதன்மேல் இன்னொரு பாடம் எழுதப்படுகிறது. கோயில் திருவிழா வாணவேடிக்கைக்கு இன்றைக்கும் திடுக்கிட்டு எழும்புகிறவர்கள் அதற்காக வெட்கப்படவேண்டாம்.

தனிமனிதப் பயம் இப்படி. கூட்டமாகப் பயந்தால் என்னவாகும் என்பதற்கு எங்களிடம் இரண்டு உதாரணங்கள் உண்டு, ஒரு வருட இடைவெளிக்குள் வந்தவை. 2011 ஓகஸ்டில் "கிறீஸ் பூதம்" என்று நாடு முழுவதும் ஒரு கதை பரவியது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்றார்கள். மலையகம், கிழக்கு, புத்தளம் என்று பரவி யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. புத்தளத்தில் கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். எங்கள் நாவாந்துறையில் 22 ஆம் திகதி இரவு மக்களுக்கும் படையினருக்கும் மோதல் மூண்டு, பல ஆண்கள் கைதுசெய்யப்பட்டுக் காயங்களோடு வைத்தியசாலைக்கு வந்தார்கள். அந்த மாதம் நித்திரையில்லை என்று வந்த பெண்களின் கையில் நான் எழுதிக் கொடுக்கக்கூடிய குளிசை எதுவும் இருக்கவில்லை. இதை வெறும் வதந்தி என்றும் மூடநம்பிக்கை என்றும் கொழும்புப் பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு இலகுவான விடயமாகத் தெரியவில்லை. போர் முடிந்து இரண்டே வருடம். ஆண்கள் இல்லாத வீடுகள் எத்தனையோ. கதவு இல்லாத தற்காலிகக் கொட்டில்கள். முறைப்பாடு கொடுத்தால் யார் கேட்பார்கள் என்ற நம்பிக்கையின்மை. பூதம் இருந்ததோ இல்லையோ, பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒழுங்கான வேலை ஒன்றையும் யாரும் மக்களுக்குக் காட்டவில்லை. ஆகவே பொல்லும் கல்லும்தான் வேலையாகின.

அடுத்த வருடம், 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி பின்னேரம், சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம். 2004 டிசெம்பர் 26 ஐக் கண்ட கரை இது. வடமராட்சி கிழக்கில் எத்தனை குடும்பங்கள் அன்று அள்ளுண்டு போயின என்பது உங்களுக்குத் தெரியும். கடல் உள்வாங்கியபோது பார்க்கப் போனவர்கள் உண்டு. அன்றைக்கு இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை முறை எதுவுமே இல்லை. 2012 இல் எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் உள்நோக்கி நகர்ந்தார்கள். அழுதார்கள், பதறினார்கள், 2004 ஐ விடப் பயம் குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போவது, எதைத் தூக்குவது, யாரிடம் கேட்பது என்பது ஓரளவு தெரிந்திருந்தது. பெரிய அலை எதுவும் வரவில்லை. இரவு எச்சரிக்கை நீக்கப்பட்டதும் வீடு திரும்பினார்கள். அதே மக்கள், அதே நரம்புகள், எட்டு மாத இடைவெளி. இரண்டு இரவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன், அக்காமாரும் தோழிகளும் என்னோடு கோபிக்கக்கூடாது.

பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பாடசாலையில் மூன்று தரம் மயங்கி விழுந்துவிட்டாள். இரத்தம் சோதித்தோம், ஈசிஜி எடுத்தோம், எல்லாம் சரி. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். "உமக்கு என்னத்துக்குப் பயம்?" "எனக்கு ஒண்டுக்கும் பயமில்லை டொக்டர். அம்மாவுக்குத்தான் பயம்" என்றாள். காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு இன்னொரு ரியூசன், எல்லாவற்றுக்கும் அப்பாவின் மோட்டார் சைக்கிள். தொலைபேசியை ஒவ்வொரு இரவும் அம்மா பார்ப்பார். உயிரியல் பிரிவை எடுத்ததும் அம்மா. தலைமயிரை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதுகூட அவள் கையில் இல்லை. அவளுடைய கையில் மிச்சமிருந்த ஒரே விடயம் மயங்கி விழுவது. நடிக்கிறாள் என்று நான் சொல்லவில்லை, அந்த மயக்கம் உண்மையானது. வேறெந்தக் கதவும் இல்லாதபோது உடம்பு ஒரு கதவைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அந்தத் தாய்க்கு என்னுடைய வயதுதான். அவரும் பங்கருக்குள் இருந்து படித்தவர், அதே இரவு அதே பாலத்தால் நடந்தவர். "உங்களுக்குத் தெரியாதே டொக்டர், 2015 இலை புங்குடுதீவிலை பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு?" என்று என்னைக் கேட்டார். தெரியும். அந்த மே மாதம் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை பெற்ற எந்தத் தாயும் நித்திரை கொள்ளவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பயம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது இதுதான்: செல்லடிக்கும் குண்டுக்கும் நடுவில் எங்களுடைய அம்மாமார் எங்களைச் சைக்கிளில் ரியூசனுக்கு அனுப்பினார்கள். எங்கே சத்தம் கேட்டால் எந்த ஒழுங்கையால் திரும்புவது என்று சொல்லி அனுப்பினார்கள். முடிவை எங்கள் கையில் தந்தார்கள். பயம் அவர்களுக்கும் இருந்தது. இன்றைக்கு நாங்கள் எங்கள் பயத்தை எடுத்துப் பிள்ளையின் காலில் கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறதோ தெரியாது, "நான் செய்தால் ஏதாவது மாறும்" என்ற அந்தப் பாடம் மட்டும் கிடைப்பதில்லை. பேருந்தில் யாராவது தொந்தரவு செய்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று பழக்குங்கள். அது சுனாமி எச்சரிக்கை மாதிரி. பேருந்திலேயே ஏறாதே என்பது வேறு.

அந்தத் தாயும் நானும் மூன்று முறை சந்தித்துப் பேசினோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை ரியூசனுக்கு மட்டும் பிள்ளை தோழியோடு சைக்கிளில் போவது, இரவு ரியூசன் வேண்டுமா இல்லையா என்பதைப் பிள்ளையே முடிவெடுப்பது, இவ்வளவுதான். பிள்ளை இரவு ரியூசனை விடவில்லை, அதையே தெரிந்தெடுத்தாள். மயக்கம் குறைந்துவிட்டது. தாய்க்குத்தான் சனிக்கிழமைகளில் நெஞ்சு பதைக்கிறது. அதற்கு நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன், உங்களுக்கும் சொல்கிறேன், செலவில்லாதது. பதைப்பு வரும்போது எங்கள் பெண்கள் பெருமூச்சு பெருமூச்சாக உள்ளே இழுப்பார்கள். அது பதைப்பைக் கூட்டும், கை விறைக்கும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யுங்கள். மூச்சு வெளியேறும்போதுதான் இதயத்தின் வேகம் இயல்பாகக் குறைகிறது. பீதி வந்தால் அநேகமாகப் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கும். ஆனால் ஒன்று, முதல் தடவை நெஞ்சு நோ வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.

கனடா, இலண்டன், அவுஸ்திரேலியக் கிளைகளிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கும் ஒன்று உண்டு. உங்கள் அம்மா, அப்பா இங்கே தனிய இருக்கிறார்கள். நீங்கள் முன்விறாந்தையிலும் குசினியிலும் கமரா பூட்டியிருக்கிறீர்கள். பயம்தான் காரணம், எனக்கு விளங்குகிறது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து "அம்மா, ஏன் இப்ப கிணத்தடிக்குப் போறியள்?" என்று தொலைபேசி வந்தால் அந்த மனுசிக்கு எப்படி இருக்கும்? 1976 இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு தட்டில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடியைத் தெரிந்தெடுக்க விட்டு, அதை நீங்களே பாருங்கள், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். மற்றத் தட்டில் செடியைக் கொடுத்துவிட்டு, தாதிமார் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில கிழமைகளில் முதலாவது கூட்டத்தார் கூடுதல் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வு, முடிவை அளவோடுதான் எடுக்கவேண்டும். ஆனாலும் முருங்கையும் கறிவேப்பிலையும் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரு யாழ்ப்பாணத்து மனுசியிடமிருந்து அதைப் பறித்து வேலைக்கு ஆள் வைப்பதற்கு முன்னர் ஒரு தடவை அவரிடம் கேட்டுவிடுங்கள். கமரா இருக்கட்டும். அதை நிறுத்தும் சுவிட்ச் அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

நேரம் போய்விட்டதென்று செயலாளர் அக்கா துண்டு அனுப்பியிருக்கிறார். கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக மாணவிகளுக்கு ஓர் உளவளத்துணை அறை கட்டுவதாகச் சங்கம் தீர்மானித்திருக்கிறது, மிக நல்ல விடயம். வரைபடத்தைப் பார்த்தேன். அந்த அறையின் வாசல் அதிபர் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. யார் போகிறார், யார் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு பிள்ளையும் போகாது. வாசலைப் பின்பக்கம், நூலகத்துப் பாதைக்கு மாற்றுங்கள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வையுங்கள். கட்டுவதற்கு முன்னர் அந்தப் பின்வரிசைத் தங்கைமார் நாலு பேரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டி, எங்கே வாசல் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.